பிழைத்த பெண்களின் உடம்பு



2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கிருஷ்ணகிரி இன்னும் பிரியாமல் தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண் பிள்ளைகளுக்கு 826 பெண் பிள்ளைகளே இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் இருந்தார்கள். இந்த எண்ணை வைத்துக் கருத்தரங்குகள் நடந்தன, கட்டுரைகள் வந்தன, அரசாணைகள் பிறந்தன. அவை எல்லாமே இல்லாமல்போன பெண்களைப் பற்றியவை. அப்படித்தான் இருந்திருக்கவும் வேண்டும். ஆனால் உயிரோடு எண்ணப்பட்ட அந்த 826 பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் அக்கறையோடு கேட்டதாகத் தெரியவில்லை. அன்று தவழ்ந்துகொண்டும் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டும் இருந்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவிலும் முப்பதைத் தொட்டும் நிற்கும் பெண்கள். பலருக்கு இரண்டு பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்க்கப் போகும்போது எடை மெஷினில் ஏறி இறங்குகிறார்கள். மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள். அந்த நினைப்பு கிலோ கணக்கிலிருந்து வருவதைவிடக் குழந்தைப் பருவத்தில் அந்த உடம்புக்கு வீட்டில் என்ன மதிப்பு இருந்தது என்பதிலிருந்தே அதிகம் வருகிறது என்பது என் வாதம்.

பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் நடந்த முயற்சிகளில் தருமபுரிக்குத் தனி இடம் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இந்த மாவட்டத்துக்கும் விரிந்தது. அதற்கு முன்பே, 1997 முதல் 1999 வரை, ஒரு பெரிய மக்கள் இயக்கம் இங்கே நடந்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற ஆட்சிப்பணி அதிகாரியும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடியும் நடித்தும், பெண் பிள்ளையைக் கொல்வது குற்றம் என்று சொல்லின. அதன் பயனும் தெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் குழந்தைப் பாலின விகிதம் 900ஐத் தாண்டியது. கொல்லாதே என்ற சொல் ஓரளவு எடுபட்டுவிட்டது. ஆனால் விரும்பி வளர் என்பதைக் கலைக்குழு நடித்துக்காட்டி ஊட்டிவிட முடியாது. பிறக்கும் முன்பே வேண்டாம் என்று பேசப்பட்ட பிள்ளை, சட்டத்துக்கும் நர்சம்மாவின் கண்காணிப்புக்கும் பயந்து வளர்க்கப்பட்டால், அந்த வளர்ப்பு எப்படி இருந்திருக்கும்? ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட குழந்தைவதை ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டது. பெண் பிள்ளைகளில் 70.57 சதவீதத்தினர் வீட்டில் தாங்கள் புறக்கணிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்தவர்கள் 48.4 சதவீதம். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் 826 என்ற எண்ணைப் பெற்றிருந்த மாவட்டத்தில் நிலைமை அதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

குழந்தைப் பருவத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததே ஒரு தோல்வியின் வழியாகத்தான். 1980களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமன் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பது வெளிவந்தது. பருத்த உடம்பு பிறர் கண்ணிலிருந்து தங்களைக் காப்பதாக அவர்களில் சிலர் உணர்ந்திருந்தார்கள். மருத்துவர் நோய் என்று பார்த்ததை நோயாளி காவல் என்று வைத்திருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவரும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. வதை, வீட்டு வன்முறை, குடிகாரர் உள்ள குடும்பம் போன்ற குழந்தைப் பருவ இன்னல்களை வகைவகையாக எண்ணி, பிற்கால நோய்களோடு அது ஒப்பிட்டது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை இன்னல்களைக் கண்டவர்களுக்குக் கடும் உடல்பருமனும் உடல் உழைப்பின்மையும் 1.4 முதல் 1.6 மடங்கு அதிகமாக இருந்தன. மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடி, போதை ஆகியவையோ 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய காயம் எடையைக் கொஞ்சம் கூட்டுகிறது. மனத்தைப் பலமடங்கு அடிக்கிறது. 2014இல் டனீஸ், டான் என்ற இருவர் ஏறத்தாழ 1,90,000 பேர் அடங்கிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் குழந்தை வதைக்கும் பருமனுக்கும் இடையில் கிடைத்த வாய்ப்பு விகிதம் 1.36தான். மெய்யான தொடர்பு, ஆனால் நடுத்தரமானது. ஆகவே எடையை மட்டும் அளந்துகொண்டிருந்தால், சேதத்தின் சிறிய பங்கைத்தான் அளந்தவர்களாவோம்.

சான் டியேகோவில் தயாரான இன்னல் பட்டியலை அப்படியே தருமபுரிக்குக் கொண்டுவர முடியாது. பெற்றோர் மணமுறிவு, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போவது என்று போகும் பட்டியல் அது. உலக சுகாதார நிறுவனம் பிற நாடுகளுக்கென்று தயாரித்த வினாத்தாள் சக பிள்ளைகளின் கொடுமை, கும்பல் வன்முறை ஆகியவற்றைச் சேர்த்து அதை விரித்தது. நம் மாவட்டத்துக்கு அதுவும் போதாது. பெண் என்பதால் வேண்டாதவளாகப் பிறந்தது. அப்பனும் ஆத்தாளும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் விடப்பட்டது. தம்பிக்கு முட்டை போன தட்டுக்குப் பக்கத்தில் வெறும் களியும் குழம்புமாகத் தன் தட்டு இருந்தது. பத்தாவது முடிக்கும் முன் கல்யாணம் பேசப்பட்டது. இவை நம் பட்டியலில் வர வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பெண் பிள்ளைக்கு எப்போது வயிறார, பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள்? வயசுக்கு வந்தபோது. உளுந்தங்களி கிளறி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, வெல்லம் சேர்த்து, பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மாமன் வீட்டுச் சீர் வந்து, ஊரே பார்க்கத் தின்ன வைக்கிறார்கள். இடுப்பு வலுவாக வேண்டும் என்பார்கள். அடுத்தது வயிற்றில் பிள்ளை இருக்கும்போது. அதற்கடுத்தது பெற்றபின் பத்தியத்தோடு. மூன்று வேளையிலும் சோறு போவது அவளுடைய பசிக்காக அல்ல, அவள் சுமக்கப்போகும், சுமக்கும், பாலூட்டும் பிள்ளைக்காக. அந்த உளுந்தங்களியில் அன்பு இல்லை என்று சொல்லவரவில்லை. பாட்டியின் கை அதில் வலிக்க வலிக்கக் கிளறியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கவனிப்பு எங்கே போயிருந்தது என்ற கேள்வி அந்தப் பெண்ணின் மனத்தில் சொல்லாகாமல் தங்கிவிடுகிறது. தன் உடம்பு பெருப்பது தனக்காக அல்ல என்ற பாடத்தை அவள் முதலில் கற்பது அங்கேதான்.

அதே வேளையில் இன்னொன்றும் நடக்கிறது. உடம்பு தேறத் தேற, பார்க்கப் பெரிய பொண்ணாகத் தெரிகிறாள் என்ற பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சு வந்தால் பள்ளிக்கூடம் ஆட்டம் காண்கிறது. இன்றும் குழந்தைத் திருமணச் செய்திகள் அடிக்கடி வரும் மாவட்டங்களில் ஒன்று இது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமும் இதுவே. வளர்ந்த உடம்பு ஒரு சிறுமியின் படிப்பை முடித்துவைக்கும் ஊரில், வளர்வதை அவள் எப்படி விரும்புவாள்? தோளைக் குறுக்கி, துப்பட்டாவை இழுத்துவிட்டு, சாப்பிடாமல் இருந்து பார்க்கும் பெண் பிள்ளைகளுக்கு அழகு பற்றிய கவலைதான் என்று நாம் எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். பெண் பார்க்க வரும்போதோ இதே உடம்பு நோஞ்சான் என்று தள்ளப்படுகிறது. கட்டிக்கொடுத்து, இரண்டு பெற்று, கருத்தடை செய்துகொண்டபின் அதே பெண்ணிடம் ‘ஆபரேஷன் பண்ணதுக்கப்புறம் ரொம்ப உடம்பு போட்டுட்டியே’ என்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவள் எடை சரியில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அதைச் சொல்பவர் வேறு யாரோ.

உடலின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அந்தப் பஞ்சத்தைத் தாயின் வயிற்றில் கண்ட பெண்கள் ஐம்பது வயதில் மற்றப் பெண்களைவிடப் பருமனாக இருந்தார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இங்கிலாந்துக் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ, புனேக் குழந்தைக்கு 2.7 கிலோ. ஆனால் தசையும் உறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. மெலிந்த தாய்க்குப் பிறந்த குழந்தை, பசியை எதிர்பார்த்துச் சேமித்துக்கொண்டே பிறக்கிறது. பிற்பாடு சோறு தட்டின்றிக் கிடைத்தால் அந்தச் சேமிப்பு வயிற்றைச் சுற்றி ஏறுகிறது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்த செய்தியை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அவர்களில் பலர் குறைந்த எடையோடு பிறந்தவர்கள். தாய்மாரின் இளவயதுத் திருமணமும் சத்துக்குறைவும் அப்போது நாடெங்கும் பேசப்பட்டன. அதே எடைக்குறைவோடு பிறந்து பிழைத்துக்கொண்ட பெண் குழந்தை முப்பது வயதில் சர்க்கரையோடும் தொப்பையோடும் வந்து நின்றால், வாயைக் கட்டத் தெரியாதவள் என்று அவளிடம் சொல்லுவது அநியாயம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, பசியும் இரத்தசோகையும் உள்ள மாவட்டத்தில் எடைக் கவலை பேசுவது நகரத்துப் பெண்களின் ஆடம்பரம் என்பது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மெலிந்தவர்கள் 12.6 சதவீதம், அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 40.4 சதவீதம்; இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பருத்த உடம்பும் சத்தில்லாத இரத்தமும் ஒரே பெண்ணிடம் இருப்பது அரிதல்ல என்பது விளங்கும். பசியும் பருமனும் இரண்டு வகுப்பாரின் நோய்கள் என்ற பழைய பிரிவினை இங்கே உடைகிறது. ஒரு பெண் ஒரே ஆயுளில் இரண்டையும் பார்த்துவிடுகிறாள்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. மனக்காயம் எதற்கு, அரிசிதான் காரணம் என்பார்கள். கேழ்வரகும் சாமையும் தின்ற இடத்தில் ரேஷன் அரிசி வந்தது, கிணற்றில் நீர் இறைப்பதும் மாவு அரைப்பதும் நின்றன, கடையில் பொரித்த தீனி பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். எடை ஏறியதற்கு உணவு மாற்றம்தான் பெரிய காரணம் என்பதை மேலே சொன்ன 1.36 என்ற எண்ணே ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே அரிசியைத் தின்று ஒரே அளவு பருத்த அண்ணனும் தங்கையும் தங்கள் உடம்பைப் பற்றி ஒரேபோல நினைப்பதில்லையே, அதை அரிசி விளக்காது. அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு பந்தியில் உட்காருகிறான். அவள் கல்யாண வீட்டு போட்டோவில் பின்வரிசைக்குப் போகிறாள். கேழ்வரகுக்குத் திரும்புங்கள் என்ற அறிவுரை நல்லது. தன் தட்டில் என்ன விழலாம் என்பதைச் சிறுவயது முதல் பிறரே முடிவுசெய்த ஒருத்திக்கு, அதே தொனியில் இன்னொருவர் வந்து சொல்லும் அறிவுரை எப்படிப் போய்ச் சேரும் என்பதே கேள்வி.

மூன்றாவது, நினைவை நம்ப முடியாது என்ற மறுப்பு. வாழ்க்கையில் வருந்துபவர் தன் குழந்தைப் பருவத்தையும் கறுப்பாகவே நினைத்துக்கொள்வார் என்கிறார்கள். இது உண்மையான சிக்கல். இதற்காகவே கேத்தி விடம் என்ற ஆய்வாளர் நினைவை நம்பாமல் அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளிலிருந்து வதைக்குள்ளான குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்தார். 2009இல் வந்த முடிவு கவனிக்கத்தக்கது. அடி உதை வாங்கியவர்களின் உடல்நிறை பிற்காலத்தில் அதிகமாயிருந்தது. பாலியல் வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களிடம் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. என் வாதத்துக்கு இது சங்கடம் தரும் சான்றுதான். இருந்தாலும் மறைக்கக் கூடாது. புறக்கணிப்பு கட்டாயம் எடையைக் கூட்டும் என்று யாரும் மேடையேறிச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நான் பேசுவது எடையைப் பற்றி அவள் உணர்வதை. உணர்வைப் பொறுத்தவரை நினைவு என்பது சந்தேகத்துக்குரிய சாட்சி மட்டும் அல்ல. நினைவில் இருப்பதுதான் இன்று அவள் கையைத் தட்டிலிருந்து இழுக்கவோ, யாரும் பார்க்காதபோது அடுப்படியில் நின்று அள்ளித் தின்ன வைக்கவோ செய்கிறது.

சினிமாவும் செல்போனும்தான் பெண்களின் மனத்தைக் கெடுத்தன என்பது நான்காவது. ஃபிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்து மூன்றே ஆண்டுகளில், வாந்தியெடுத்து எடை குறைக்கும் பழக்கம் பள்ளிச் சிறுமிகளிடம் முளைத்ததை ஆன் பெக்கர் பதிவுசெய்தார். அதனால் திரையின் வலிமையை நான் குறைக்கவில்லை. அங்கேயும் அந்தப் பழக்கத்துக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஒரே திரையைப் பார்த்த மற்ற ஒன்பது பேரைக் காத்தது எது என்று தேடினால், வீட்டுக்குள் போய்த்தான் தேட வேண்டியிருக்கும்.

கடைசி மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. இந்த வாதம் சுற்றிச் சுற்றித் தாயைத்தானே குற்றவாளியாக்குகிறது, அவளும் அப்படி வளர்ந்தவள்தானே என்பார்கள். ஆம், அவளும் அப்படி வளர்ந்தவள். மகளுக்குக் குறைத்துப் போட்ட தாய், தனக்கு அதைவிடக் குறைத்துப் போட்டுக்கொண்டவள். சிசுக்கொலை வழக்குகளில் கைதானவர்களின் படங்களில் நாம் பார்த்தது தாய்களையும் பாட்டிகளையும். வரதட்சணை கேட்டவர்களும் ஆண் வாரிசு கேட்டவர்களும் படத்தில் இல்லை. தாயைக் குறை சொல்லி முடித்தால் அந்தத் தவற்றையே மறுபடி செய்தவர்களாவோம். தாய்க்கும் மகளுக்கும் பொதுவான ஒரு கணக்கு வீட்டில் ஓடியது. அதை எழுதியது நில உடைமையும் சீர்வரிசையும் வறட்சியும்.

அப்படியானால் எது மாற்றும்? சான்று இருக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் ஒரு சிறுமி ஆண் பிள்ளைக்குச் சரிசமமாகச் சாப்பிட்ட இடம் பள்ளிக்கூட வராந்தா. காமராசர் காலத்தில் தொடங்கி 1982இல் சத்துணவாக விரிந்த திட்டத்தில், ஆயா வரிசையாகக் கரண்டியால் போட்டுக்கொண்டு போகும்போது பெண்ணென்று கரண்டி சாய்வதில்லை. முட்டை ஆளுக்கொன்று. சிறுவயதில் பள்ளி மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைவாக இருந்ததை, 2021இல் வெளியான நாடளாவிய ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தலைமுறையின் தட்டு அடுத்த தலைமுறையின் உயரத்தில் தெரிகிறது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்தை நான் வெறும் ஊட்டச்சத்துத் திட்டமாகப் பார்க்காததற்குக் காரணம் இதுவே. உன் பசி கணக்கில் உண்டு என்று ஒரு பெண் பிள்ளைக்கு அரசு தினமும் காலையில் சொல்கிறது.

வளர்ந்துவிட்ட பெண்களுக்கு மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே எடையை உரக்கப் படிப்பதும், ‘ஏம்மா, 78 கிலோ இருக்கியே, வாயைக் கட்டக் கூடாதா’ என்று நாலு பேர் கேட்கச் சொல்வதும் நிற்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடே தேவையில்லை. எதிர்ப்பக்கத்தில் ஓர் அவசரத்தையும் தவிர்க்க வேண்டும். இன்னல்களை எண்ணி மதிப்பெண் போடும் முறையைத் தனி நோயாளிகளைத் தரம்பிரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று, அதை உருவாக்கிய ராபர்ட் ஆண்டாவே 2020இல் எழுதினார். கேட்டுவிட்டுக் கைவிடுவது கேட்காமலிருப்பதைவிடக் கொடியது. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் வரும் நாளும் இடமும் உறுதியான பிறகே செவிலியர் அந்தக் கதவைத் தட்டலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் சொன்னால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை எழுகிறது. அதையும் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நமக்கென்று ஓர் ஆய்வு தேவை. சான் டியேகோ, நெதர்லாந்து, புனே என்று ஊர் ஊராகச் சான்று திரட்டிவந்தே நான் இன்று வாதாட வேண்டியிருந்தது. 2008 முதல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்தேரியிலும் சித்லிங்கியிலும் மலைவாழ் பெண்களின் வாழ்க்கை சமவெளிப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இங்கே வாய்ப்புண்டு. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கேள்வித்தாளைச் சென்னையில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம். யார் முதலில் சாப்பிட்டார்கள், முட்டை யாருக்குப் போனது, அப்பா அம்மா பெங்களூரில் இருந்த வருஷங்களில் யாரோடு படுத்துத் தூங்கினாய், பள்ளிக்கூடம் நின்றது எப்போது, உன் உடம்பைப் பற்றி முதன்முதலில் யார் என்ன சொன்னார் என்று இந்த ஊர்ப் பேச்சிலேயே அது கேட்க வேண்டும். அதை எழுதும் குழுவில் 1995க்கும் 2001க்கும் இடையில் இந்த மாவட்டத்தில் பிறந்த பெண்கள் பாதிப் பேராவது உட்கார வேண்டும்; அவர்களில் பட்டம் பெற்றவர்களோடு, பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்களும் இருக்க வேண்டும்.